வலைப்பூ தொடங்குகிறீர்களா? சந்தேகத்தோடு வரும் ஒருவருக்காக எழுதுங்கள்

வலைப்பூ தொடங்கப்போகிறேன் என்று என்னிடம் யோசனை கேட்பவர்களில் பாதிப் பேர் 'எந்த டெம்ப்ளேட் நல்லது?' என்று ஆரம்பிப்பார்கள். மீதிப் பேர் 'மாசம் எவ்வளவு வரும்?' என்பார்கள். 'யார் படிப்பார்கள்?' என்று கேட்டவர் ரொம்பக் குறைவு. நான் மொட்டைமாடித் தோட்டம் பற்றிப் பல வருடங்களாக எழுதுகிறேன். ஆகவே இங்கே வரும் உதாரணமெல்லாம் செடி, பூச்சி, மண் என்றே இருக்கும். உங்கள் விஷயம் சமையலோ, பழைய பைக்கோ, வருமான வரியோ, வேலை முறை ஒன்றுதான்.

முதலில் ஒரு பழைய கதை. 2004இல் தமிழ்மணம் என்ற திரட்டி வந்தது. தமிழில் எழுதுகிற எல்லோருடைய புதிய இடுகைகளும் அதன் முகப்பில் வரிசையாக வந்து நிற்கும். எழுதுகிறவர்கள்தான் வாசகர்கள். நான் உங்கள் இடுகைக்குப் பின்னூட்டம் போட்டால் நீங்கள் என்னுடையதற்குப் போடுவீர்கள், கல்யாண மொய் மாதிரி. படிக்காமலேயே 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்று எழுதிவிட்டுப் போகிறவர்களும் இருந்தார்கள். கும்மி (பின்னூட்டத்தில் கூடி அரட்டை அடிப்பது) என்றால் நூறு பின்னூட்டம் சாதாரணம். சந்தோஷமான காலம்தான், ஆனால் அது முடிந்துவிட்டது. இன்று உங்கள் பக்கத்துக்கு வருகிறவருக்கு உங்களைத் தெரியாது, நீங்களும் அவருக்கு மொய் வைத்தவரில்லை. அவருக்கு ஒரு சந்தேகம். அதைக் கூகுளில் தட்டினார், அல்லது யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பைத் தொட்டார். அவ்வளவுதான் உறவு. கீழே சொல்லப்போகிற எல்லாம் அந்த ஆளை மனத்தில் வைத்துத்தான்.

முதல் வேலை: ஒரு நோட்டும் 20 கேள்விகளும்

கணினியைத் திறக்க வேண்டாம். ஒரு நோட்டை எடுத்து, உங்கள் விஷயத்தைப் பற்றி மற்றவர்கள் உங்களிடம் உண்மையிலேயே கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட அதே சொற்களில் எழுதுங்கள். 20 வர வேண்டும். எனக்கு வந்தவற்றில் சில: 'கறிவேப்பிலை வெச்சு ரெண்டு வருஷமாச்சு, ஏன் வளரவே மாட்டேங்குது?', 'தக்காளி பூ பூத்து உதிர்ந்துடுது', 'தொட்டி வெச்சா தளம் ஒழுகுமா?', 'செம்பருத்தில வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கே, என்ன அது?'.

பத்து நிமிடத்தில் 20 வந்துவிட்டால் தயங்காமல் தொடங்கலாம். ஒரு வாரம் யோசித்தும் ஏழுக்கு மேல் வரவில்லை என்றால், அந்த விஷயம் உங்களுக்குப் பிடித்ததாக இருக்கலாம், ஆனால் அதற்காக உங்களிடம் யாரும் வருவதில்லை என்று பொருள். வேறு விஷயம் பாருங்கள். அல்லது எல்லையைச் சுருக்குங்கள். 'தோட்டம்' என்று எழுதினால் நீங்கள் ஆயிரத்தில் ஒருவர். 'கடற்கரை ஊரில், உப்புக்காற்றில், மொட்டைமாடியில் காய்கறி' என்று எழுதினால் அந்தச் சின்ன இடத்தில் நீங்கள்தான் ஆள். விரிவாக்குவதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

இடமும் பெயரும்

வலைப்பூவை எதில் நடத்துவது, பிளாகரிலா, வேர்ட்பிரஸ்ஸிலா என்று ஒரு மாதம் யோசிப்பவர்கள் உண்டு. பிளாகர் 1999இல் வந்தது, 2003இல் கூகுள் அதை வாங்கிக்கொண்டது. காசு இல்லை, பராமரிப்புத் தொல்லையும் இல்லை. வேர்ட்பிரஸ்ஸில் இரண்டு வகை இருப்பதைப் புதியவர்கள் குழப்பிக்கொள்வார்கள். 'டாட் காம்' என்பது அவர்களே இடம் தந்து நடத்தும் சேவை. 'டாட் ஆர்க்' என்பது இலவச மென்பொருள் மட்டும். அதை நிறுவும் இடத்துக்கு நீங்கள் வாடகை கட்ட வேண்டும், பழுது பார்ப்பதும் உங்கள் பொறுப்பு. புதியவருக்கு என் யோசனை: பிளாகரில் தொடங்குங்கள், ஆனால் முதல் வருடத்துக்குள் சொந்தமாக ஒரு டொமைன் பெயர் (உங்களுக்கே உரிய இணைய முகவரி) வாங்கி அதில் இணைத்துவிடுங்கள். பின்னால் வேறு இடத்துக்குக் குடிபோனாலும் வாசகருக்குத் தெரிந்த முகவரி மாறாது. வாங்கும்போது முதல் வருடத் தள்ளுபடி விலையைப் பார்த்து மயங்காமல், புதுப்பிக்கும் விலையையும் பாருங்கள். அங்கேதான் உண்மையான கணக்கு இருக்கும்.

பெயர் விஷயத்தில் ஒரே ஒரு சோதனை. ஃபோனில் ஒருவரிடம் ஒரு முறை சொன்னால் அவர் பிழையில்லாமல் தட்ட வேண்டும். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் வைக்கும்போது ழகரம்தான் பெரிய வில்லன். 'வாழை' என்று வைத்தால் 'இசட் ஹெச்' போடுவதா, 'எல்' போடுவதா என்று ஒவ்வொருவரும் ஒரு மாதிரி தட்டுவார்கள். நெடிலுக்கு 'ஏ' ஒன்றா இரண்டா என்பது அடுத்த தகராறு. ழ, ள, நெடில் இவை குறைவான பெயராகப் பார்த்து வையுங்கள்.

இன்னொரு நுணுக்கம், தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே வரும் தலைவலி. பிளாகரில் தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் அந்த இடுகையின் முகவரி 'பிளாக் போஸ்ட்' என்ற பொதுப் பெயரும் ஓர் எண்ணுமாக வந்து நிற்கும். வேர்ட்பிரஸ்ஸில் தமிழ்த் தலைப்பு அப்படியே முகவரியாகும், ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்து, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி) சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். மொத்தம் 200 எழுத்துக்கு மேல் அது வைத்துக்கொள்ளாது. ஆக, 22 குறிகளைத் தாண்டினால் முகவரி பாதியில் அறுந்துவிடும். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஏதோ வைரஸ் என்று நினைத்து யாரும் தொடமாட்டார்கள். ஆகவே வெளியிடும் முன்பே முகவரிப் பெட்டியைத் திறந்து, ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொற்கள் நீங்களே எழுதுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் பிளாகரில் பழைய இணைப்பு உடையும்.

தட்டச்சுக்கு எது பழக்கமோ அது. தமிழ்99 விசைப்பலகையை இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பழகிவிட்டால் விரல் நிறைய மிச்சம் என்பது என் அனுபவம். பேசித் தட்டச்சு செய்பவர்கள் வெளியிடும் முன் ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். ஒற்று மிகும் இடமெல்லாம் போயிருக்கும்.

இடுகை எழுதுவது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு கேள்வியையே எடுத்துக்கொள்வோம். அது மாவுப்பூச்சி. நான் முதலில் எழுதிய இடுகைக்குத் தலைப்பு 'மாவுப்பூச்சி மேலாண்மை'. விவசாயத் துறைத் துண்டுப் பிரசுரம் மாதிரி இருக்கிறதல்லவா? யாரும் வரவில்லை. பிறகுதான் உறைத்தது: பூச்சியின் பெயர் தெரிந்தவருக்கு மருந்தும் தெரிந்திருக்கும். தெரியாதவர் பெயரைத் தேடமாட்டார், கண்ணுக்குத் தெரிவதைத் தேடுவார். தலைப்பை 'செம்பருத்திச் செடியில் வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியிருக்கிறதா?' என்று மாற்றினேன். அதற்கப்புறம்தான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மாவுப்பூச்சி என்ற பெயர் இரண்டாவது வரியில் வந்தால் போதும். அங்கே அவருக்கு ஒரு புதுச் சொல்லும் கிடைக்கிறது. நோட்டில் கேட்டவர் சொற்களிலேயே எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்து, முதல் பத்தி. 'வணக்கம் நட்புகளே, ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து' என்று தொடங்காதீர்கள். வந்தவருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது, அவர் செடி செத்துக்கொண்டிருக்கிறது. விடையை முதலில் கொடுங்கள்: பூச்சி மண்டிய நுனிகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள், மிச்சத்தைத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் தண்ணீரோடு கலக்கச் சில சொட்டு சோப்புக் கரைசல், நன்றாகக் கலக்கிச் சாயங்காலம் தெளியுங்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. நான்கு வரி. விடையை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைப் படிக்கமாட்டார்களே என்று பயப்படுவார்கள். நாலு வரியில் வேலை முடிந்தவர் போகட்டும். அடுத்த பூச்சிக்கு அவர் உங்களிடம்தான் வருவார்.

விடைக்கு அப்புறம் உங்களிடம் மட்டுமே இருப்பதைக் கொட்டுங்கள். சொந்தக் கைபேசியில் எடுத்த படம்: பூச்சி வந்த அன்று, தெளித்து மூன்றாம் நாள், பத்தாம் நாள். எறும்பு வரிசை தெரிந்தால் மாவுப்பூச்சி வரப்போகிறது என்று நீங்கள் கவனித்தது (எறும்புக்கு அதன் இனிப்புக் கழிவு வேண்டும், அதனால் காவல் காக்கும்). முக்கியமாக, உங்களுக்குப் பலிக்காதது எது என்பது. 'சாம்பல் தூவிப் பார்த்தேன், இலை அழுக்கானதுதான் மிச்சம்' என்ற ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு 'பத்து அற்புத வழிகள்' என்ற பட்டியலுக்குக் கிடையாது.

கூடவே கொஞ்சம் ஆழம். 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி புதிதாக வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒரு கை பார்த்தது. மருந்து அடித்து அடித்துப் பார்த்து முடியாமல், 2010இல் வெளிநாட்டிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்டார்கள். அது பூச்சியை அடக்கிவிட்டது. இந்தக் கதையை நான் இடுகையில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கடுமையான மருந்தை அடித்தால் இப்படிப்பட்ட நண்பர்களும் செத்துவிடும் என்பதை உபதேசம் இல்லாமல் சொல்ல முடிந்தது. ஆண்டு, ஊர், அளவு என்று எது எழுதினாலும் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஏற்றி, பிறகு வெட்கப்பட்டவர்கள் நிறைய.

தோற்றம் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் வாசகர் கைபேசியில் படிக்கிறார். எழுத்து பெரிதாக, வரிக்கு வரி இடைவெளி தாராளமாக இருக்கட்டும். தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் வரும், நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டும். இரண்டு ஓரத்தையும் சமமாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் சின்னத் திரையில் வரிக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக விழும். பக்கம் திறந்ததும் பாட்டு ஒலிப்பது, பனி கொட்டுவது எல்லாம் 2008ஆம் வருடத்தோடு போகட்டும்.

படங்களைக் கூகுளில் தேடி எடுத்து ஒட்டாதீர்கள். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்துக்கும் உரிமையாளர் உண்டு. தேவையென்றால் விக்கிமீடியா காமன்ஸில் எடுத்து, அங்கே கேட்டிருக்கும் முறையில் எடுத்தவர் பெயரைப் போடுங்கள்.

எப்போது, எத்தனை

ஊருக்குச் சொல்லும் முன் ஐந்து இடுகைகள் தயாராக இருக்க வேண்டும். ஒரே ஓர் இடுகையோடு திறந்தால், முதலாவது பிடித்துப்போனவர் இரண்டாவதைத் தேடி வெறும் சுவரில் முட்டிக்கொண்டு போவார். அப்புறம் வாரம் ஒன்று. அதுவும் முடியாவிட்டால் மாதம் இரண்டு. தினமும் எழுதுகிறேன் என்று சபதம் எடுத்தவர்கள் பெரும்பாலும் நாற்பது நாள் தாண்டுவதில்லை.

எண்ணிக்கையைவிடப் பருவம் முக்கியம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடி பிறப்பது ஜூலை நடுவில். ஆனால் என்ன விதைக்கலாம், மண் எப்படிக் கலக்கலாம் என்று மக்கள் அதற்குச் சில வாரம் முன்பே தேடத் தொடங்கிவிடுவார்கள். கூகுளுக்கும் உங்கள் பக்கத்தைக் கண்டுபிடித்து வரிசையில் வைக்க நாள் பிடிக்கும், புது வலைப்பூவுக்கு இன்னும் அதிகம். எனவே ஆடிப்பட்ட இடுகை வைகாசி முடிவதற்குள் வந்துவிட வேண்டும். நிழல்வலை பற்றி மாசியில், அடைமழையில் தொட்டியில் தண்ணீர் தேங்குவது பற்றிப் புரட்டாசியில். உங்கள் விஷயத்துக்கும் இப்படி ஒரு பஞ்சாங்கம் இருக்கும். ஒரு காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த வருடமும் அதே கேள்வி வரும் என்பதுதான் இதில் பெரிய வசதி. பழைய இடுகையைத் திருத்திப் புதுப்பித்தால் போதும், முகவரியை மட்டும் மாற்றாதீர்கள்.

ஆள் சேர்ப்பது

முதல் நாளே கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் வலைப்பூவைப் பதிந்து, தளவரைபடத்தை (உங்கள் பக்கங்களின் முகவரிப் பட்டியல்) கொடுத்துவிடுங்கள். இலவசம்தான். மூன்று மாதம் கழித்து அதில் 'செயல்திறன்' பகுதியைத் திறந்தால், எந்தச் சொற்களைத் தட்டியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள் என்று இருக்கும். 16 மாதக் கணக்கு வரை பார்க்கலாம். வருகை எண்ணைத் தினமும் பார்ப்பதைவிட மாதம் ஒரு முறை இந்தப் பட்டியலைப் படிப்பது நூறு மடங்கு பிரயோஜனம். நிறையக் காட்டப்பட்டும் யாரும் தொடாத சொல் இருக்கிறதா? தலைப்பு சரியில்லை. நீங்கள் எழுதாத ஏதோ ஒன்றுக்கு உங்கள் பக்கம் அரைகுறையாக வந்து நிற்கிறதா? அதுதான் அடுத்த இடுகை. 'செம்பருத்தி' இடுகைக்கு 'கொய்யா வெள்ளை பூச்சி' என்று தேடியவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நோட்டில் 21ஆவது கேள்வி கிடைத்தது. பலர் தமிழை ஆங்கில எழுத்திலேயே தட்டுவார்கள் என்பதும் அந்தப் பட்டியலில்தான் கண்ணில் படும். முகவரியில் அந்தச் சொற்கள் இருந்தால் போதும், இடுகை முழுக்கத் திணிக்க வேண்டியதில்லை.

அப்புறம் வாட்ஸ்அப். குடும்பக் குழுவில் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே வெறும் இணைப்பைப் போட்டால் சித்தப்பா ஒருவர் கட்டைவிரல் தூக்குவார், திறக்கமாட்டார். விடையின் முதல் இரண்டு வரியை எழுதி, கீழே இணைப்பு வையுங்கள். யாராவது உங்களிடம் கேள்வி கேட்டால் மட்டும் அனுப்புங்கள், அது இன்னும் நல்லது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் வைத்தால் ஒரு பட்டியலில் 256 பேர்தான். அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ நல்ல வடிகட்டியாகத் தோன்றுகிறது: உங்கள் எண்ணைச் சேமித்தவர்தான் உங்கள் வாசகர்.

மின்னஞ்சலில் சந்தா வாங்கினால் அந்தப் பட்டியலின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். பிளாகரில் மின்னஞ்சல் வழியே பின்தொடரும் பெட்டி, கூகுளின் ஃபீட்பர்னர் என்ற சேவையை நம்பி இருந்தது. 2021இல் ஃபீட்பர்னர் மின்னஞ்சல் அனுப்புவதை நிறுத்தியதும் பட்டியலை இறக்கி வைக்காதவர்கள் வாசகர்களைத் தொலைத்தார்கள். அதற்கு முன் 2013 ஜூலையில், பல வலைப்பூக்களை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை மூடியபோதும் இதே கதைதான்.

பின்னூட்டத்துக்கு ஒரு நாளுக்குள் பதில் எழுதுங்கள். 'நன்றி' என்பதோடு நிறுத்தாமல் திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த ஊர், எத்தனை நாள் செடி, எவ்வளவு வெயில்? தவறு சுட்டிக்காட்டும் பின்னூட்டம் வந்தால் அதற்குத் தனி மரியாதை. வேப்பெண்ணெய் இடுகையில் நான் முதலில் 'சாயங்காலம்' என்று எழுத மறந்துவிட்டேன். ஓர் அம்மா உச்சி வெயிலில் தெளித்து, மிளகாய்ச் செடியின் இலையெல்லாம் கருகிவிட்டது என்று எழுதினார். கோபமாகத்தான் எழுதினார், நியாயமான கோபம். இடுகையின் மேலேயே தேதி போட்டு, 'இந்த வரி விடுபட்டிருந்தது, ஒரு வாசகரின் செடி கருகியது, மன்னிக்கவும்' என்று எழுதினேன். அந்தக் குறிப்பை இன்றுவரை எடுக்கவில்லை. சத்தமில்லாமல் திருத்திவிட்டுப் போயிருந்தால் அவர் திரும்பி வந்திருக்கமாட்டார். இப்போது என்னைவிட நன்றாக மிளகாய் வளர்க்கிறார், அந்தப் பக்கத்தில் மற்றவர்கள் கேட்பதற்கு அவரே பதில் சொல்கிறார்.

காசு

சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸ், தமிழ்ப் பக்கங்களை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது 2018இல்தான். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் உங்கள் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். கதவு எண், பின்கோடு சரியாக இருக்கட்டும், தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். 100 டாலர் ஆனால்தான் பணம் வங்கிக்கு வரும். தமிழ்ப் பக்கத்தில் அந்த நூறைத் தொடப் புதியவருக்கு நிறைய நாள் ஆகும். உங்கள் விளம்பரத்தை நீங்களே தொடுவது, நண்பர்களைத் தொடச் சொல்வது இரண்டும் கணக்கை மூட வைக்கும்.

முதல் வருடம் விளம்பரமே வேண்டாம் என்பது என் கட்சி. செடி காப்பாற்ற வந்தவர் முகத்தில் விளம்பரப் பெட்டி விழுந்தால் விடையைத் தேடாமலே திரும்பிவிடுவார். எனக்கு வலைப்பூவிலிருந்து நேராக வந்ததைவிட, அதைப் படித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வகுப்புக்கு அழைத்ததில் வந்ததுதான் அதிகம். கடைக்காரர் இலவசமாக உரம் அனுப்பி எழுதச் சொன்னால், இலவசமாக வந்தது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு எழுதுங்கள். சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டால் உரத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நகல் எடுத்து வைப்பது

2009 அக்டோபரில் யாகூ தன் ஜியோசிட்டீஸை மூடியபோது லட்சக்கணக்கான இலவசப் பக்கங்கள் போயின. என் கதை சின்னது. ஆரம்ப வருடப் படங்களை எல்லாம் ஓர் இலவசப் படத் தளத்தில் ஏற்றி, அங்கிருந்து இடுகையில் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் எல்லா இடுகைகளிலும் படம் இருந்த இடத்தில் சாம்பல் கட்டம். முதல் தக்காளியின் படமும் போனது.

பிளாகரில் அமைப்புகளுக்குள் போனால் உள்ளடக்கத்தைக் காப்பெடுக்கும் வசதி இருக்கிறது. இடுகைகள், பக்கங்கள், பின்னூட்டங்கள் எல்லாம் கோப்பாக இறங்கும். ஆனால் படங்கள் அதில் இருக்காது, அவற்றின் முகவரிகள் மட்டுமே இருக்கும். வேர்ட்பிரஸ் ஏற்றுமதிக் கோப்பும் அப்படித்தான். எனவே ஒவ்வோர் இடுகைக்கும் ஒரு அடைவு போட்டு, மூலப் படங்களைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவிலும் இன்னொரு இடத்திலுமாக இரண்டு பிரதி. நான் இதை மாதத்தின் முதல் ஞாயிறு செய்கிறேன். தொட்டிகளுக்கு மண்புழு உரம் வைக்கிற நாளும் அதுதான், அதனால் மறப்பதில்லை.